கள்ளத்தராசும் ஆலயத்துப் பெஞ்சும்

வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

கேள்வி: அன்புள்ள டீச்சருக்கு ஸ்தோத்திரம். 1980களில் நான் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எடை எழுதும் வேலையில் இருந்தேன். பெண்கள் பறித்துக் கொண்டுவரும் கொழுந்தில் ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கொஞ்சம் கழிப்பது வழக்கம். நான் கழிக்க வேண்டியதற்கு மேல் கழித்தேன். அந்தக் கிலோவை எனக்கு வேண்டிய இரண்டு மூன்று பேர் கணக்கில் ஏற்றி, அவர்களிடம் பங்கு வாங்கினேன். யாருக்கும் தெரியாது. வேலையை விட்டபின் நிறைய நல்ல காரியம் செய்துவருகிறேன். எங்கள் ஆலயத்துக்குப் பெஞ்சுகள் செய்து கொடுத்தேன். பிறந்தநாள் தோறும் முதியோர் இல்லத்தில் சாப்பாடு போடுகிறேன். இரண்டு ஏழைப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் முழுவதும் என்னுடையது. எடுத்ததைவிடப் பல மடங்கு கொடுத்தாயிற்று. ஆனாலும் மழை நாளில் ஈரக் கொழுந்து வாசனை வந்தால் மனது தாங்கவில்லை. தேவனுடைய கணக்கில் என் பற்று இன்னுமா நேராகவில்லை?
— பெயர் வேண்டாம், கூடலூர்

பதில்: ஐயா, பதில் சொல்வதற்கு முன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சர் என்பது இந்தப் பத்திரிகை வாசகர்களுக்குத் தெரியும். என் அம்மா கொழுந்து பறித்தவர். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. உங்கள் தராசுக்கு முன்னால் நின்ற பெண்களில் ஒருத்தி என் அம்மா இல்லை, தோட்டம் வேறு. ஆனால் அந்தத் தராசை எனக்குத் தெரியும்.

மூன்று கம்பைச் சேர்த்துக் கட்டி நடுவில் தொங்கவிட்டிருப்பார்கள். வட்ட முகம், ஒரு முள். அம்மா முதுகுச் சுமையை இறக்கிக் கொக்கியில் மாட்டுவார். முள் ஆடி நிற்பதற்குள் ‘பதினாலு’ என்று குரல் வந்துவிடும், பென்சிலும் எழுதிவிடும். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்த மேட்டை ஏறி வந்த தோளுக்கு எடை தெரியும். “ஐயா, இன்னும் கூட இருக்குமே” என்றால், “ஈரம்மா, பனி விழுந்திருக்கு பாரு” என்று பதில் வரும். மார்ச் மாதத்து வெயிலிலும் அவர்களுக்குப் பனி விழுந்திருக்கும். கட்டாயம் பறித்தாக வேண்டிய அளவுக்கு மேலே பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு உண்டு. கழிவு எப்போதும் அந்த மேல் கிலோவைத்தான் தின்னும். அந்தக் காசில்தான் எங்களுக்கு நோட்டுப் புத்தகம்.

அம்மா கடைசிக் காலத்தில் அதைப் பேசுவார். “காசு போனாப் போகுது. இவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுட்டான் பாரு, அதுதான்” என்பார்.

உங்கள் நற்செயல்களில் ஒன்றுகூட வீண் என்று நான் சொல்லமாட்டேன். முதியோர் இல்லத்தில் சாப்பிட்டவர்களுக்குப் பசி ஆறியது. அந்தப் பிள்ளைகள் பட்டம் வாங்கினார்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது, பாருங்கள்: ஆலயம், முதியோர் இல்லம், கல்லூரிப் பிள்ளைகள். கொழுந்து பறித்த பெண்கள் அதில் எங்கேயும் இல்லை. எடுத்தது ஓரிடத்தில், கொடுத்தது வேறிடத்தில். இந்த மாத வாடகையை முதல் தேதியே கொண்டுபோய்க் கட்டினாலும் போன வருடத்துப் பாக்கி பாக்கிதானே ஐயா?

எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தை எடுத்து 6 முதல் 8 வரையுள்ள வசனங்களை வாசியுங்கள். ஒருவன் இன்னொருவனுக்குக் குற்றம் செய்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் வரிசையாக இருக்கிறது. முதலில் பாவத்தை வாயால் அறிக்கையிட வேண்டும். அடுத்து, எடுத்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, யாருக்குக் குற்றம் செய்தானோ அவன் கையிலேயே கொடுக்க வேண்டும். அவன் இல்லை என்றால் அவனுடைய இனத்தானுக்கு, அதாவது நெருங்கிய உறவினனுக்கு. வாங்கிக்கொள்ள இனத்தானும் இல்லை என்றால்தான் அது கர்த்தருக்கு, ஆசாரியன் கைக்கு. நீங்கள் இந்த வரிசையின் கடைசியிலிருந்து ஆரம்பித்துவிட்டீர்கள். தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்த ஒரு பெண்ணுக்குச் சேர வேண்டியது ஆலயத்தில் பெஞ்சாக உட்கார்ந்திருக்கிறது. மனது எப்படி ஆறும்?

அதே 8ஆம் வசனத்தை முடிவுவரை வாசியுங்கள். அத்தனையும் கொடுத்து முடித்த பிறகும் அவனுக்காகப் பாவநிவிர்த்தி செய்ய ஓர் ஆட்டுக்கடா வேண்டும் என்று இருக்கிறது. லேவியராகமம் 6இலும் இதே கதைதான். வஞ்சித்து எடுத்ததைக் கூட்டிக் கொடுத்த பிறகு குற்றநிவாரண பலி. நான் முதன்முதலில் இதைக் கவனித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். பணம் திரும்பி வந்துவிட்டது, வட்டி மாதிரி மேலேயும் வந்துவிட்டது, பாதிக்கப்பட்டவனுக்கு இனி நஷ்டமே இல்லை. அப்புறம் பலி எதற்கு? மனிதனுக்குச் செய்த கெடுதல் ஒன்று, அதே செயலால் தேவனுக்கு முன் வந்த குற்றம் இன்னொன்று. முதலாவதைக் கூடுமானவரை சரிக்கட்டலாம். இரண்டாவதை அந்த மனிதன் எதைக் கொடுத்தும் சரிக்கட்ட முடியாது. பலியும் அவனுடைய சாமர்த்தியம் அல்ல, தேவன் ஏற்படுத்திக் கொடுத்த வழி. அந்தப் பலிகூட கிறிஸ்துவின் பலிக்கு நிழல்தான். காளை, வெள்ளாட்டுக்கடா இவற்றின் இரத்தம் பாவங்களை நிவிர்த்தி செய்யமாட்டாது என்று எபிரெயர் 10:4 சொல்லிவிடுகிறது.

ஏன் சரிக்கட்ட முடியாது என்று கேட்பீர்கள். நீங்கள் இன்றைக்குச் செய்யும் நன்மை எல்லாம் பாவமே செய்யாதிருந்தாலும் செய்திருக்க வேண்டியது. பசித்தவனுக்குச் சோறு போடுவது பாவிகளுக்கு மட்டும் விதித்த அபராதமா? லூக்கா 17இல் இயேசு, கட்டளையிட்ட எல்லாவற்றையும் செய்து முடித்த பின்னும் ‘செய்ய வேண்டிய கடமையைமாத்திரம் செய்தோம்’ என்று சொல்லச் சொல்கிறார். அப்படியானால் பழைய குற்றத்துக்கு எடுத்து வைக்க நம் கையில் மிச்சம் என்று ஒன்று கிடையாது. நேற்றைய குறைக்கு இன்றைய நன்மையை எடுத்தால், இன்றைய கடமையை எதைக்கொண்டு செய்வது?

இன்னொன்றும் இருக்கிறது, அது கொஞ்சம் வலிக்கும். மீகா 6ஆம் அதிகாரத்தில் ஒருவன் என்ன கொண்டுவந்தால் கர்த்தர் பிரியப்படுவார் என்று கேட்கிறான். ஆயிரக்கணக்கில் ஆட்டுக்கடாக்கள், ஆறு ஆறாய் எண்ணெய், கடைசியில் தலைப்பிள்ளையையே கொடுக்கட்டுமா என்கிறான். விலை ஏறிக்கொண்டே போகிறது. அதே அதிகாரத்தில், நாலைந்து வசனம் தள்ளி, கர்த்தர் கேட்பது எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? கள்ளத்தராசையும் கள்ளப் படிக்கற்கள் போட்ட பையையும் பற்றி. இவற்றை வைத்துக்கொண்டிருப்பவர்களைச் சுத்தமுள்ளவர்கள் என்று எண்ணுவேனோ என்று கேட்கிறார். எவ்வளவு பெரிய காணிக்கையும் அந்தப் பையைப் பற்றிய பேச்சை மாற்றவில்லை. பெஞ்சு செய்து கொடுத்தபோது உங்கள் உள்ளத்தில் ஒரு பேரம் இருந்தது ஐயா. அதை நீங்களே ‘பற்று நேராகவில்லையா’ என்று எழுதிவிட்டீர்கள். நன்மையை விலையாகக் கொடுக்கும்போது அந்த நன்மையும் சுத்தமாக இருப்பதில்லை. ‘எங்களுடைய நீதிகளெல்லாம் அழுக்கான கந்தைபோல இருக்கிறது’ என்று ஏசாயா 64:6 சொல்வது கெட்ட செயல்களைப் பற்றி இல்லை. நீதிகளைப் பற்றித்தான்.

தாவீதை நினைத்துப் பாருங்கள். தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவை யுத்தத்தின் முன்வரிசையில் நிறுத்திச் சாகடித்தான். செத்தவனுக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது? ராஜாவாக இருந்ததால் ஆயிரம் மாடுகளைப் பலியிட்டிருக்கலாம், அநாதைகளுக்கு வீடு கட்டியிருக்கலாம். 51ஆம் சங்கீதத்தில் அந்தப் பேச்சே இல்லை. ‘பலியை நீர் விரும்புகிறதில்லை, விரும்பினால் செலுத்துவேன்’ என்கிறான். நொறுங்குண்ட இருதயத்தைத் தவிர அவனிடம் வேறு ஒன்றும் இல்லை. ‘தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்தேன்’ என்று அவன் சொல்லும் இடத்தில் எனக்கு நெடுநாள் ஆத்திரம் வரும். அப்படியானால் உரியா யார் என்று தோன்றும். இப்போது வேறு மாதிரி வாசிக்கிறேன். உரியாவைப் படைத்தவர், உரியாவுக்காகக் கேட்கிறவர் அவர்தான். கொழுந்துச் சாக்கோடு நின்ற பெண்களுக்கு ஆதரவாகக் கேட்க அங்கே யாரும் இல்லை என்று நீங்கள் நினைத்தீர்கள். இருந்தார். அதனால்தான் உங்கள் வழக்கு அந்தப் பெண்களோடு மட்டும் முடிவதாயில்லை.

சரி, அப்படியானால் வழி இல்லையா? இருக்கிறது, நீங்கள் செய்யத் தேவையில்லாத இடத்தில் இருக்கிறது. நமக்கு எதிரிடையாக இருந்த கையெழுத்தை, அதாவது கடன் சீட்டைக், குலைத்து, அதைச் சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று கொலோசெயர் 2:14இல் பவுல் எழுதுகிறார். நீங்கள் பென்சிலால் எழுதிய அந்தப் பொய்க் கணக்கின் பக்கங்களை எடுத்து, தேவன் தம்முடைய குமாரனுடைய கணக்கில் ஏற்றினார். மற்றவர் கணக்கில் கிலோவை ஏற்றிப் பழகிய உங்களுக்கு இது சட்டென்று புரியும். குற்றத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் அது என் அம்மாவுக்கு அநியாயம். அவர் கண்டுகொண்டார், தண்டனையும் விழுந்தது, உங்கள்மேல் விழவில்லை. இதை வாங்கிக்கொள்ளத்தான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். சும்மா கிடைப்பதை வாங்க, கொடுத்துப் பழகிய கைக்குக் கூச்சம்.

சகேயுவின் கதையில் வரிசையைக் கவனியுங்கள். வரி வசூலில் ஜனங்களைச் சுரண்டிய ஆள். ‘முதலில் போய் எல்லாருக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டு வா, பிறகு உன் வீட்டுக்கு வருகிறேன்’ என்று இயேசு சொல்லவில்லை. மரத்திலிருந்து இறங்கச் சொன்னார், இன்றைக்கு உன் வீட்டில் தங்குவேன் என்றார். அதற்கு அப்புறம்தான் அவன் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய், நான்கு மடங்காய், அவரவருக்கு என்கிறான். ஏழைகளுக்குத் தருமம் தனி, வஞ்சிக்கப்பட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பது தனி. அவன் இரண்டையும் குழப்பவில்லை.

ஆகவே இன்று இரவே முழங்காலிட்டு, ‘நான் எடையைக் குறைத்து எழுதினேன்’ என்று சொல்லுங்கள். ‘நான் பாவி’ என்று பொதுவாகச் சொல்லவேண்டாம், அது எல்லாருக்கும் வாயில் வரும். பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்ற 1 யோவான் 1:9இன் வாக்கை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். அதன்பின் அந்தப் பெண்களைத் தேடிப் போங்கள். சிலர் இறந்திருப்பார்கள். பிள்ளைகள் திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ இருப்பார்கள். பழைய லயத்தில் ஒரு பாட்டியாவது யார் எங்கே என்று சொல்லுவார். போதகரையோ பழப்பையையோ கூட்டிக்கொண்டு போகவேண்டாம், தனியாகப் போங்கள். பணத்தை நீட்டுவதற்கு முன் செய்ததைச் சொல்லுங்கள். என் அம்மாவிடம் எவராவது வந்து, “நீ சொன்ன எடைதான் சரி, நான்தான் பொய் சொன்னேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர் எத்தனை இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். சிலர் உங்களைத் திட்டுவார்கள், மன்னிக்கவும் மாட்டார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். தேவன் மன்னித்தது அவர்களுடைய மன்னிப்பைப் பொறுத்தது அல்ல.

பெஞ்சில் உங்கள் பெயர் பொறித்திருந்தால், அதை எடுத்துவிடச் சொல்லி ஆலயக் கமிட்டியிடம் கேளுங்கள்.

கேள்வி: நற்செயலால் பாவம் போகாது என்றால் எதற்காக நற்செயல் செய்ய வேண்டும்?
— கல்லூரி மாணவர், ஊட்டி

பதில்: தம்பி, பசித்தவனுக்குப் பசிக்கிறது, அதற்காக. உன் மன்னிப்பு ஏற்கனவே கிடைத்துவிட்டால் அவனை அவனுக்காகவே பார்க்கலாம், அவன் வழியாக உன் கணக்கைப் பார்க்க வேண்டியதில்லை. கிரியையினால் அல்ல என்று எபேசியர் 2:9 சொன்ன கையோடு, நற்கிரியைகளைச் செய்வதற்கு நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று 10ஆம் வசனம் சொல்கிறது. கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதியதும் இதற்கு எதிர்ப்பேச்சு இல்லை. உயிருள்ள மரம் காய்க்கும், அவ்வளவுதான்.

கேள்வி: நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), என் மனைவி கத்தோலிக்கர். தவக்காலத்தில் காந்தல் குருசடிக்கு நடந்து போவார், ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) குருவானவர் கொடுக்கும் பரிகாரத்தை ஒழுங்காகச் செய்வார். “நீங்கள் கிரியையால் மோட்சம் போகப் பார்க்கிறீர்கள்” என்று நான் சொல்ல, வீட்டில் சண்டை.
— குன்னூர் வாசகர்

பதில்: சகோதரரே, முதலில் மனைவியிடம் போய் அந்த வார்த்தையை வாபஸ் வாங்குங்கள். கத்தோலிக்கத் திருச்சபை அப்படிப் போதிக்கவில்லை. இயேசு கிறிஸ்துவின் வழியாக வரும் கிருபை இல்லாமல், தன் சொந்தக் கிரியைகளால் மனிதன் நீதிமானாகலாம் என்று சொல்பவனைக் கண்டித்து, கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1547இலேயே, நீதிமானாக்கப்படுதல் பற்றிய விதிகளில் முதலாவதாக எழுதி வைத்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரு தரப்பும் சேர்ந்து அதில் சொல்கின்றன. 2006இல் மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள்.

வித்தியாசமே இல்லை என்று சொல்லமாட்டேன். கிருபைக்குள் வந்தபின் செய்யும் நற்செயலுக்குப் பேறுபலன், அதாவது தேவனிடம் பலன் பெறும் தகுதி, உண்டா என்பதில் இன்றும் இரண்டு விதமாகத்தான் பேசுகிறோம். நான் வளர்ந்த சபையின் பக்கம்தான் நான் நிற்கிறேன். ஆனால் பரிகாரம் மன்னிப்புக்கு விலை என்று உங்கள் மனைவியின் திருச்சபை சொல்லவில்லை. அவர்களுடைய மறைக்கல்வி நூலின் 1459ஆம் பத்தி, பாவமன்னிப்பு பாவத்தை நீக்குகிறது, ஆனால் பாவம் விளைவித்த கேடு அத்தனையையும் சரிசெய்துவிடுவதில்லை என்கிறது. திருடியதைத் திருப்பிக் கொடு, கெடுத்த பெயரை மீட்டுக் கொடு என்று எடுத்துக்காட்டும் சொல்கிறது. கூடலூர் ஐயாவுக்கு இதைத்தானே நானும் எழுதினேன்! நம் சபைகளில் ‘ஆண்டவர் மன்னித்துவிட்டார்’ என்று சாட்சி சொல்லிவிட்டுக் கடன்காரனைப் பார்க்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த விஷயத்தில் உங்கள் மனைவியிடம் கற்றுக்கொள்ள நமக்கு இருக்கிறது. அடுத்த தவக்காலத்தில் நீங்களும் கூட நடந்து போங்களேன்.

கேள்வி: டீச்சர், நான் படுகர் குடும்பத்தில் பிறந்து, படிக்கும்போது கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவள். என் பாட்டி எங்கள் மக்களின் தெய்வமான ஹெத்தையம்மனைக் கும்பிடுகிறவர். ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நிற்பார். யாரிடமும் ஒரு பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. எங்கள் ஜெபக்குழுவில் ஒருவர், “உங்கள் பாட்டி செய்யும் நன்மை எல்லாம் தேவனுக்கு முன் குப்பை” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.
— கோத்தகிரி வாசகி

பதில்: மகளே, அப்படிச் சொன்னவர் அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரத்தை வாசிக்கவில்லை. கொர்நேலியு ரோமப் படைத்தலைவன், யூதனும் அல்ல, கிறிஸ்தவனும் அல்ல. அவனிடம் தேவதூதன் வந்து சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? ‘உன் ஜெபங்களும் உன் தருமங்களும் தேவனுக்கு நினைப்பூட்டுதலாக அவர் சந்நிதியில் வந்தெட்டியிருக்கிறது.’ குப்பை என்று சொல்லவில்லை. தேவன் கவனித்துப் பார்த்திருக்கிறார், ஞாபகம் வைத்திருக்கிறார். உங்கள் பாட்டி சாவு வீட்டில் போய் நிற்பதையும் அவர் பார்க்கிறார்.

ஆனால் அந்த அதிகாரம் அதோடு முடிந்துவிடவும் இல்லை. உன் தருமமே போதும் என்று தூதன் சொல்லியிருக்கலாம். யோப்பாவிலிருந்து பேதுருவை வரவழை என்றான். பேதுரு வந்து, இயேசுவை விசுவாசிக்கிறவன் எவனோ அவன் அவருடைய நாமத்தினாலே பாவமன்னிப்பைப் பெறுவான் என்று சொன்னார். அவ்வளவு நல்ல மனிதனுக்கும் பாவமன்னிப்பு தேவைப்பட்டது. கொர்நேலியுவும் ‘எனக்கு எதற்கு’ என்று கோபித்துக்கொள்ளவில்லை. கிறிஸ்தவர்கள் நல்லவர்கள், மற்றவர்கள் கெட்டவர்கள் என்று சுவிசேஷம் ஒருபோதும் சொன்னதில்லை. நான், நீ, உன் பாட்டி, பேதுரு, கூடலூர் ஐயா எல்லாருக்கும் ஒரே வாசல் என்கிறது. பாட்டியின் முடிவைப் பற்றித் தீர்ப்பெழுதும் வேலை எனக்கும் இல்லை, உன் ஜெபக்குழுவுக்கும் இல்லை. ‘சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ’ என்று ஆபிரகாம் கேட்டதை நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

நீ பாட்டியிடம் வாதம் பண்ணாதே. சாயங்காலம் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது இந்த 10ஆம் அதிகாரத்தை உங்கள் படுக மொழியிலேயே கதையாகச் சொல். வானத்திலிருந்து இறங்கிய துப்பட்டி, தூதன், கடலோரத்துத் தோல் பதனிடுகிறவன் வீடு எல்லாம் வரும், கேட்பார். கேட்டுவிட்டு என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.